தூரமும் நேரமும்: ஆர்க்னித் தீவுகளின் இரண்டு நிமிஷ விமானப் பிரயாணம்

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால், நம் முன்னோர் இருவகையாக விடை கூறினர். காதம் என்பது நிலத்தை அளந்து சொன்ன விடை. நாழிகை வழி என்பது நடப்பதற்கு ஆகும் காலத்தை அளந்து சொன்ன விடை. இவ்விரண்டும் எப்போதும் ஒத்து நிற்பதில்லை. சமவெளியில் ஒரு மைல் நடப்பதும், மலைச்சரிவில் ஒரு மைல் ஏறுவதும், மழைக்காலத்தில் வெள்ளம் புரளும் ஓடையைக் கடந்து ஒரு மைல் செல்வதும் ஒன்றாகா. ஆகவே, ஒரு கிராமம் தொலைவில் உள்ளதா, அருகில் உள்ளதா என்பதை மைல்கல்லை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது.

இவ்வுண்மையை விளக்குவதற்கு மிகவும் ஏற்ற எடுத்துக்காட்டு ஒன்று ஸ்காட்லாந்து நாட்டின் வடகோடியில் இருக்கிறது. அங்கே இரண்டு சிறு தீவுகளுக்கிடையே ஆகாய விமானம் ஒன்று கால அட்டவணைப்படி பறந்து வருகிறது. அது கடக்கும் தூரம் 1.7 மைல், அதாவது 2.7 கிலோமீட்டர். அதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிஷத்திற்கும் குறைவு. உலகில் கால அட்டவணைப்படி நடைபெறும் விமானப் பிரயாணங்களுள் இதுவே மிகக் குறுகியது எனப் பெயர் பெற்றுள்ளது. இத்துணைச் சிறிய தூரத்திற்கு விமானம் எதற்கு என்ற கேள்வி எவருக்கும் எழும். அதற்கான விடையில், கிராம வளர்ச்சியில் ஈடுபட்டுள்ளோர் அறியத்தக்க செய்திகள் பல அடங்கியுள்ளன.

தீவுகளின் நிலை

ஸ்காட்லாந்தின் வடகரைக்கு அப்பால் ஆர்க்னி எனப்படும் தீவுக்கூட்டம் உள்ளது. அதில் சுமார் 70 தீவுகள் உண்டு. அவற்றுள் ஏறக்குறைய 20 தீவுகளில் மட்டுமே மக்கள் குடியிருக்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தீவுக்கூட்டம் முழுவதிலும் வாழ்ந்தோர் 21,349 பேர். கிர்க்வால் என்பது தலைநகர். பெரிய மருத்துவமனையும், உயர்நிலைப் பள்ளியும், முக்கிய அலுவலகங்களும் அங்கேதான் இருக்கின்றன.

கிர்க்வாலுக்கு வடக்கே, வானவழியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு தீவுகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வெஸ்ட்ரேயில் 2011ஆம் ஆண்டில் 588 பேர் வாழ்ந்தனர். பாப்பா வெஸ்ட்ரேயில் வாழ்ந்தோர் 90 பேரே. பின்னதன் பரப்பு சுமார் 9 சதுர கிலோமீட்டர். நம் நாட்டில் ஒரு நடுத்தரக் கிராமத்தின் எல்லைக்குள் அடங்கிவிடும் அளவு அது.

பாப்பா வெஸ்ட்ரே மிகப் பழைய உழவர் பூமி. கி.மு. 3700 அளவில் கட்டப்பட்ட கல்வீடு ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது. நாப் ஆஃப் ஹவர் என்று பெயர் பெற்ற அவ்வீட்டில் வாழ்ந்தவர்கள் பயிரிட்டும் கால்நடை வளர்த்தும் பிழைத்த குடியினர். இன்றும் தீவினரின் முதன்மையான தொழில் மாடு, ஆடு வளர்ப்பதே. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உழவர் வாழ்ந்துவரும் இத்தீவு, அண்மைக் காலத்தில் ஆள் இல்லாத தீவாகிவிடுமோ என்னும் அச்சத்திற்கு உள்ளாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 300க்கு மேற்பட்டோர் வாழ்ந்த அங்கே, 2001ஆம் ஆண்டில் 65 பேரே எஞ்சியிருந்தனர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்தால் பள்ளி மூடப்படும். பள்ளி மூடப்பட்டால் இளங்குடும்பங்கள் வெளியேறும். அவை வெளியேறினால் நிலத்தைக் கவனிக்க ஆள் இராது. தொலைவு என்பது அத்தீவினருக்கு வாழ்வா, வெளியேற்றமா என்னும் கேள்வியாக இருந்தது.

தூரத்தின் அளவு

வெஸ்ட்ரே விமான நிலையத்திற்கும் பாப்பா வெஸ்ட்ரே விமான நிலையத்திற்கும் இடையேயுள்ள தூரம் 2.7 கிலோமீட்டர் என்றோம். இது எவ்வளவு சிறிது என்பதை அறிய ஓர் ஒப்புமை கூறலாம். சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல் நீளமுடையது. சென்னையில் ஒரு பெரிய விமானம் எழும்புவதற்காக அமைத்துள்ள பாதையின் நீளத்தைவிட, இத்தீவுகளுக்கிடையே உள்ள முழுப் பிரயாண தூரமும் குறைவு.

விமானத் தூரத்தைப் படிக்கும்போது அளவுகோலைக் கவனித்தல் வேண்டும். சாதாரண மைல் என்பது 1.609 கிலோமீட்டர். விமானிகளும் மாலுமிகளும் வழங்கும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இதே தூரம் சாதாரண மைலில் 1.7 என்றும், கடல் மைலில் ஏறக்குறைய ஒன்றரை என்றும் வரும். மேலும், விமானத் தூரம் என்று குறிக்கப்படுவது நேர்வழித் தூரமே. சாலையும் ஆறும் வளைந்து செல்வதுபோல் அது வளைவதில்லை. இதனால் ஒரே இரண்டு ஊர்களுக்கு, வானவழித் தூரம் ஒன்றாகவும் தரைவழித் தூரம் வேறாகவும் இருப்பது இயல்பு.

நேரத்தின் கணக்கு

இத்தடத்தில் பறக்கும் விமானம் நடுவானில் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வல்லது. அவ்வேகத்தில் 2.7 கிலோமீட்டரைக் கடக்க 40 வினாடி போதும் என்று கணக்குக் கூறுகிறது. ஆனால் அட்டவணையில் இரண்டு நிமிஷம் என்று குறித்துள்ளனர். காற்று மிகவும் சாதகமாக அமைந்தபோது நிகழ்ந்த விரைவான பிரயாணத்திற்குக்கூட 53 வினாடி ஆயிற்று. ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்னும் விமானி அதனை நிகழ்த்தினார். அப்பிரயாணத்தின் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால் மணிக்கு 183 கிலோமீட்டர் அளவே வருகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

ஒரு விமானம் தன் முழு வேகத்தை உடனே அடைவதில்லை. முதலில் ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து செல்ல வேண்டும். பின்னர் ஓடி, எழும்பி, மேலேற வேண்டும். இறங்குமிடம் நெருங்கியதும் வேகத்தைக் குறைத்துத் தாழ வேண்டும். தரையைத் தொட்டபின் மீண்டும் ஊர்ந்து நிற்க வேண்டும். நீண்ட பிரயாணத்தில் இவற்றுக்கு ஆகும் நேரம் மொத்தத்தில் சிறு பங்கே. குறுகிய பிரயாணத்திலோ ஏறுவதும் இறங்குவதுமே பிரயாணம் ஆகிவிடுகின்றன. முழு வேகத்தில் செல்ல இடமே இல்லை. கவலை ஏற்றத்தில் மாடு பூட்டுவதற்கும் அவிழ்ப்பதற்கும் ஆகும் நேரம், ஒரு வயல் முழுவதும் நீர் பாய்ச்சுவோருக்குப் பெரிதாகத் தோன்றாது. நான்கு சால் மட்டும் இறைப்போருக்கு அதுவே பெரும்பகுதியாகிவிடும். இதுவும் அத்தகையதே.

இரண்டாவது காரணம் காற்று. விமானம் காற்றில் மிதந்து செல்வதால், காற்றின் ஓட்டம் அதன் பயணத்தை மாற்றிவிடுகிறது. ஆற்றில் பரிசல் செலுத்துவோர் இதனை எளிதில் உணர்வர். கிர்க்வாலிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொள்வோம். காற்று இல்லையெனில் 240 கிலோமீட்டர் வேகத்தில் 10 நிமிஷம் ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசினால், நிலத்தைப் பொறுத்த வேகம் 200ஆகக் குறைந்து 12 நிமிஷம் ஆகும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் வேகம் 280ஆக உயர்ந்து, ஏறக்குறைய எட்டரை நிமிஷம் ஆகும். போக 12, வர எட்டரை. மொத்தம் இருபதரை நிமிஷம். காற்றற்ற நாளில் போகவர 20 நிமிஷமே. போகும்போது இழந்த நேரம் வரும்போது முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை என்பது இதனால் விளங்கும். மெதுவாகச் செல்லும்போது அதிக நேரம் எதிர்காற்றில் கழிவதே இதற்குக் காரணம்.

நம் நாட்டு வரலாற்றிலும் இத்தகைய குறுகிய பறப்பு ஒன்று உண்டு. 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், ஆன்ரி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி அலகாபாத்திலிருந்து யமுனை நதியைக் கடந்து நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களைக் கொண்டு சென்றார். ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தூரத்தை அவர் 13 நிமிஷத்தில் கடந்தார். உலகில் அதிகார முறையில் நடைபெற்ற முதல் விமானத் தபால் அதுவே. அன்று 10 கிலோமீட்டருக்கு 13 நிமிஷம். இன்று ஆர்க்னியில் 2.7 கிலோமீட்டருக்கு இரண்டு நிமிஷம். இயந்திரம், காற்று, ஏறி இறங்கும் முறை ஆகியவற்றைக் கூறாமல் தூரத்தை மட்டும் கூறினால் நேரம் விளங்காது.

இத்துணைச் சிறு பிரயாணம் எதற்கு?

இரு தீவுகளுக்கும் இடையே படகும் ஓடுகிறது. வெஸ்ட்ரேயின் பியரோவால் துறையிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குச் செல்ல 25 நிமிஷம் ஆகும். அப்படியிருக்க விமானம் வேண்டுமா என்று கேட்கலாம். பிரயாணத்தின் நோக்கத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். தீவினர் முக்கியமாகச் செல்ல வேண்டிய இடம் கிர்க்வால். பாப்பா வெஸ்ட்ரேயிலிருந்து படகு வழியாகக் கிர்க்வால் செல்வோர், முதலில் 25 நிமிஷம் படகில் வந்து, பின்னர் வெஸ்ட்ரேயின் தென்கோடியிலுள்ள ராப்னஸ் துறைக்குச் சாலை வழியே சென்று, அங்கிருந்து கப்பலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிரயாணம் செய்ய வேண்டும். இடையிடையே காத்திருக்கும் நேரம் வேறு. விமானத்திலோ கால் மணி அளவில் கிர்க்வாலை அடையலாம்.

ஆனால் 90 பேர் வாழும் தீவுக்கு மட்டும் தனியே ஒரு விமானத்தை அனுப்புவது கட்டுபடியாகுமா? இங்கேதான் இரண்டு நிமிஷப் பிரயாணத்தின் சூட்சுமம் இருக்கிறது. கிர்க்வாலிலிருந்து ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனியே விமானம் போய் வருவதாயின், ஒரு தீவுக்குப் போகவர 80 கிலோமீட்டர் வீதம் மொத்தம் 160 கிலோமீட்டர் பறக்க வேண்டும். ஒரே விமானம் கிர்க்வாலிலிருந்து வெஸ்ட்ரே சென்று, அங்கிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குத் தாவி, பின்னர் கிர்க்வாலுக்குத் திரும்பினால் மொத்தம் 83 கிலோமீட்டர் அளவே ஆகும். ஏறக்குறைய பாதிப் பறப்பில் இரண்டு தீவுகளுக்கும் வசதி கிடைத்துவிடுகிறது. உலகம் வியந்து பேசும் அந்த 2.7 கிலோமீட்டர், உண்மையில் ஒரு முக்கோணத்தின் மிகச் சிறிய பக்கமே. இரு சிற்றூர்கள் ஒரு வசதியைப் பகிர்ந்துகொள்வதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது.

விமானமும் நிலையமும்

லோகன்ஏர் என்னும் நிறுவனம் 1967ஆம் ஆண்டில் ஆர்க்னித் தீவுகளுக்கிடையே விமானப் போக்குவரத்தைத் தொடங்கியது. இதற்குப் பயன்படும் விமானம் பிரிட்டன்-நார்மன் ஐலண்டர். 1965ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த இவ்வகை விமானத்திற்கு இரு இயந்திரங்கள் உண்டு. எட்டுப் பிரயாணிகள் அமரலாம். விமானியின் அருகிலுள்ள இருக்கையிலும் பிரயாணி அமர்வதுண்டு. சக்கரங்கள் உள்ளே மடங்குவதில்லை. இறக்கை உடலின் மேற்புறத்தில் பொருத்தப்பட்டுள்ளது. அமைப்பு எளிமையானது, பழுது பார்ப்பதும் எளிது. குறுகிய இடத்தில் எழும்பவும் இறங்கவும் வல்லதாதலால், சுமார் 500 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையே இதற்குப் போதுமாகிறது. இவ்விரு தீவுகளிலும் சரளை இட்டுச் சமன் செய்த ஓடுபாதைகள் பயன்பட்டு வந்துள்ளன.

இவ்விமான நிலையங்களைத் தீவுக்கூட்டத்தின் உள்ளாட்சி மன்றமாகிய ஆர்க்னித் தீவுகள் மன்றமே பராமரித்து வருகிறது. விமானம் வரும் வேளையில் தீயணைப்புக்கு ஆயத்தமாக நிற்போரும், பிரயாணிகளை ஏற்றி இறக்குவோரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் அல்லர். அவர்கள் பயிற்சி பெற்ற தீவுவாசிகள். மாட்டுப்பண்ணை வேலையின் இடையே வந்து இக்கடமையைச் செய்துவிட்டு மீண்டும் பண்ணைக்குச் செல்வோரும் அவர்களுள் உண்டு. இதனால் செலவு குறைகிறது. உள்ளூராருக்கு ஓரளவு வருவாயும் கிடைக்கிறது.

பளுவான சரக்குகள் விமானத்தில் செல்வதில்லை. விற்பனைக்குரிய மாடுகள், தீவனம், கட்டடப் பொருள்கள் முதலியன கப்பலிலேயே செல்கின்றன. மனிதரும் தபாலும் விமானத்தில், சரக்கு கப்பலில். ஒவ்வொரு வேலைக்கும் அதற்கேற்ற வாகனம் என்னும் பிரிவினை அங்கே நன்கு அமைந்துள்ளது.

பயன் பெறுவோர் யார்?

இப்பிரயாணத்தை வேடிக்கைக்காக நாடிவரும் சுற்றுலாப் பிரயாணிகள் உண்டு. ஆயினும் அது அவர்களுக்காக ஏற்பட்டதன்று. தீவுக்குத் தீவு சென்று பாடம் நடத்தும் ஆசிரியர்கள், மருத்துவர்கள், நோயாளிகள், வங்கி அலுவலர்கள், மாணவர்கள் ஆகியோரே இதனால் பெரும்பயன் அடைந்தவர்கள். இசைக்கோ ஓவியத்திற்கோ தனி ஆசிரியர் ஒருவரைச் சிறு பள்ளியில் நிலையாக அமர்த்த இயலாது. ஆனால் அவர் காலையில் வந்து மாலையில் திரும்பக் கூடுமாயின், சிறு பள்ளியின் பிள்ளைகளும் பெரிய பள்ளியின் கல்வியைப் பெற இயலும். கிர்க்வால் மருத்துவமனைக்குச் சென்று அன்றே வீடு திரும்பக் கூடுமாயின், முதியவர் ஒருவர் பிறந்த தீவை விட்டு நகரில் குடியேற வேண்டிய அவசியம் ஏற்படாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விமானம் மட்டுமே ஓர் ஊரைக் காத்துவிடாது. பாப்பா வெஸ்ட்ரே மக்கள் தாங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடையும் விருந்தினர் விடுதியும் நடத்தி வருகின்றனர். போக்குவரத்து வசதியும் மக்களின் சொந்த முயற்சியும் சேர்ந்தபோதுதான் நிலைமை மாறிற்று. 2001ஆம் ஆண்டில் 65ஆக இருந்த மக்கள் தொகை 2011இல் 90ஆக உயர்ந்தது. எண்ணிக்கையில் 25 பேர் சிறிதாகத் தோன்றலாம். சில குடும்பங்கள் வந்து சேர்ந்தாலே பள்ளி நிலைக்கும் சிற்றூரில் அது பெரிய மாற்றம்.

இயற்கையும் எல்லையும்

இச்சேவைக்குக் குறைகளும் உண்டு. கடல் மூடுபனி சூழ்ந்தாலும், புயற்காற்று வீசினாலும் விமானம் பறக்காது. ஆர்க்னி 59 பாகை வட அட்சத்தில் உள்ளதால், மார்கழி மாதத்தில் பகற்பொழுது ஆறு மணி நேரத்திற்குச் சற்று மேல்தான் இருக்கும். வேலைகள் யாவும் அக்குறுகிய பகலுக்குள் நெருக்கப்படுகின்றன. ஆகவேதான் விமானம் வந்தபின்னும் படகையும் கப்பலையும் அவர்கள் கைவிடவில்லை. இரண்டு நிமிஷம் என்பது நல்ல நாளின் அளவு. கெட்ட நாளில் அது அரை நாள் காத்திருப்பாகவும் ஆகலாம்.

செலவை ஏற்பது யார்?

எட்டு இருக்கைகள் கொண்ட விமானம், பிரயாணிகள் தரும் கட்டணத்தை மட்டும் கொண்டு இத்தகைய தடத்தில் ஓட இயலாது. ஆகையால் இதனைப் பொதுச் சேவைக் கடமை என்று வகுத்து, உள்ளாட்சி மன்றம் ஒப்பந்தம் செய்து, பொதுப்பணத்திலிருந்து உதவி அளிக்கிறது. இலாபம் இல்லாத இடத்திற்குச் சாலையும் தபாலும் சென்று சேர வேண்டும் என்னும் கொள்கையே இதற்கும் அடிப்படை. கட்டணம், அட்டவணை, இருக்கைகள் பற்றி ஒப்பந்தத்தில் நிபந்தனைகள் விதிக்கக் கூடுமாதலால், சேவை மக்களின் தேவைக்கு ஏற்ப அமைகிறது.

குறுகிய விமானப் பிரயாணம் எங்கும் நன்மை தரும் என்று இதனால் எண்ணிவிடலாகாது. ஸ்விட்சர்லாந்து நாட்டின் ஆல்டன்ரைன் நகருக்கும், கான்ஸ்டன்ஸ் ஏரியின் மறுகரையில் ஜெர்மனியிலுள்ள ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகருக்கும் இடையே 2016ஆம் ஆண்டு நவம்பரில் எட்டு நிமிஷ விமானப் பிரயாணம் ஒன்று தொடங்கியது. தூரம் சுமார் 20 கிலோமீட்டர். அங்கே நல்ல சாலைகளும், ரயிலும், ஏரிப்படகும் முன்னரே இருந்தன. விமானம் வீண் என்று கண்டனங்கள் எழுந்தன. போதிய பிரயாணிகளும் வரவில்லை. 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் அது நின்றுவிட்டது. அதைவிட ஏழில் ஒரு பங்கு தூரமே உள்ள ஆர்க்னிப் பிரயாணமோ 1967 முதல் நடந்து வருகிறது. ஓரிடத்தில் வேறு வழி இருந்தது. மற்றோரிடத்தில் தேவை இருந்தது. நிலைத்ததும் நிலையாததும் இதனாலேயே.

பஞ்சாயத்துகள் கருத வேண்டியவை

நம் சிற்றூர்களுக்கு விமானம் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. தூரத்தை அளக்கும் முறையைத்தான் நாம் இதிலிருந்து கற்க வேண்டும்.

முதலாவதாக, ஒரு குக்கிராமத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், உயர்நிலைப் பள்ளி, சந்தை ஆகியவை எத்தனை கிலோமீட்டர் என்று குறிப்பதோடு நில்லாமல், வீட்டு வாயிலிலிருந்து அவ்விடத்தின் வாயில் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தல் வேண்டும். பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரமும் அதில் சேர வேண்டும்.

இரண்டாவதாக, அக்கணக்கைக் கோடையில் ஒரு முறையும், மழைக்காலத்தில் ஒரு முறையும் எடுத்தல் வேண்டும். ஐப்பசியில் ஓடை பெருகும்போது அறுந்துபோகும் வழியை, சித்திரையில் அளந்த கணக்கு காட்டாது.

மூன்றாவதாக, ஒரு குக்கிராமத்திற்கு மட்டும் ஒரு வசதி கட்டுபடியாகாது எனத் தோன்றினால், அடுத்துள்ள குக்கிராமத்தையும் சேர்த்து வழித்தடம் அமைக்கலாமா என்று ஆராய வேண்டும். பேருந்தாயினும், நடமாடும் மருத்துவ ஊர்தியாயினும், பால் சேகரிக்கும் வண்டியாயினும், போய்த் திரும்பும் நேர்வழிக்குப் பதிலாக ஒரு சிறு வளைவு, பாதிச் செலவில் இரு ஊர்களுக்கும் பயன் தரக்கூடும்.

நான்காவதாக, வசதி வந்தபின் அதைப் பேணும் பொறுப்பில் உள்ளூரார் பங்கு பெற வேண்டும்.

இக்கணக்குகளைக் கிராம சபைக் கூட்டத்தில் வைத்து, தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பினால், கோரிக்கைக்கு வலிமை உண்டாகும். "எங்கள் ஊர் தொலைவில் இருக்கிறது" என்னும் முறையீட்டைவிட, "மழைக்காலத்தில் மருத்துவரை அடைய எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆகிறது" என்னும் கணக்கு அதிகாரிகளின் கவனத்தை விரைவில் ஈர்க்கும். 90 பேர் வாழும் ஒரு தீவு தன் தேவையைச் சரியாக அளந்து கூறி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தன் வழியைக் காத்துக்கொண்டுள்ளது. நம் ஊராட்சிகளும் தம் வழிகளை இவ்வாறே அளந்து, முறையாக எடுத்துரைத்து, பெற வேண்டியதைப் பெறுதல் வேண்டும்.